தரிசு நிலத்தையும் கட்டடமாகக் காட்டும் வரைபடம்

கேள்வி: எங்கள் நகர விளிம்பில் வயல்கள் மனைகளாகிக்கொண்டே போகின்றன. அதை நிரூபிக்க 2004, 2024 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஓர் ஆலோசகர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். கட்டுமானப் பரப்பு மூன்று மடங்காகிவிட்டதாம். ஆனால் வீடே இல்லாத இடங்களும் அதில் சிவப்பாக இருக்கின்றன. இதை வைத்து மனு கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். நகரம் பரவியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீடில்லாத ஒரு சிவப்புத் திட்டை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டினால் போதும், மனு முழுவதும் அடிபட்டுப் போகும்.

இரண்டு படங்களும் எந்த மாதம் எடுத்தவை என்று முதலில் கேளுங்கள். ஆண்டை மட்டும் சொன்னால் விடாதீர்கள். செயற்கைக்கோள் அளப்பது தரையிலிருந்து திரும்பி வரும் ஒளியைத்தான். உழுது போட்ட வயலும் காய்ந்த தரிசும் அதன் கணக்கில் கட்டடத்தோடு எளிதில் குழம்பிவிடும். பழைய படம் பயிர் நின்ற காலத்தது, புதியது அறுவடைக்குப் பிந்தியது என்றால், ஒரு செங்கல்கூட வைக்காமலே ஊர் பெருத்துவிடும்.

அடுத்தது அந்த 2004. மூலப் படத்தில் சாய்வான கறுப்புக் கோடுகள் இருந்தனவா? அமெரிக்காவின் லேண்ட்சாட் 7 செயற்கைக்கோளில் ஸ்கேன் வரிகளை நேர்செய்யும் கருவி 2003 மே 31 அன்று பழுதானது. அதன் பிறகு அது எடுத்த ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதப் பரப்புக்குத் தகவலே கிடையாது. நடுவில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலம் தப்பியது. உங்கள் ஊர் அதற்குள் விழுந்திருந்தால் கவலையில்லை. ஓரத்தில் விழுந்திருந்தால் வேறு தேதிப் படத்தைக் கொண்டு இடைவெளியை ஒட்டுப்போட்டிருப்பார்கள், அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதே காலத்தில் லேண்ட்சாட் 5-உம் வேலை செய்துகொண்டிருந்தது. 2011 நவம்பர் வரை படமெடுத்தது. அதிலிருந்து எடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். முனகுவார், முனகட்டும்.

படத்துக்கென்று தனியாகப் பணம் வாங்கினாரா? லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்தான். இலவசப் படத்துக்கு வண்ணம் பூசித் தலையில் கட்டுகிறவர்கள் இந்தத் தொழிலில் பெருகிவிட்டார்கள். அறிக்கையின் கடைசியில் ‘துல்லியம் 95 சதவீதம்’ என்று ஒரு வரி இருக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே கட்டடமாக உள்ள பகுதியில் ‘கட்டடமே இல்லை’ என்று வரைபடம் போட்டாலும் அதே 95 வரும்! சிவப்பாகக் காட்டியதில் எவ்வளவு உண்மையில் கட்டடம், உண்மையான கட்டடத்தில் எவ்வளவு விடுபட்டது என்று தனித்தனியாக, எழுத்தில் கேளுங்கள்.

லேண்ட்சாட்டில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 900 சதுர மீட்டர். வீடு, மரம், முற்றம் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். ஊர் எந்தத் திசையில் பரவுகிறது என்று பார்க்க இது போதும். தனி மனைத் தகராறுக்கு ஆகாது.

நீங்களே சிவப்பில் 50, மற்றதில் 50 என்று புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். வசதியான இடங்களாகப் பொறுக்கக் கூடாது. பழைய ஆண்டுக்கு, தேதி தெரிந்த தெளிவான வான்படம் கிடைத்தால் அதில் பாருங்கள்.

எரிச்சல் என்னவென்றால், மனுவை வாங்கும் அலுவலகங்களில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. முத்திரை இருக்கிறதா, கலர் பிரிண்ட் இருக்கிறதா, அவ்வளவுதான். அவர்களுடைய நிலப் பயன்பாட்டு வரைபடம் எந்தத் தேதிப் படத்திலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், கோப்பு மேசை மேசையாக நகரும். இருந்தாலும் படங்களின் தேதி, செயற்கைக்கோளின் பெயர், சரிபார்த்த புள்ளிகளின் பட்டியல் மூன்றையும் மனுவோடு இணையுங்கள். அவர்கள் வரைபடத்துக்கும் அதே மூன்றைக் கேட்டு எழுதுங்கள்.