அமெரிக்காவில் கைதான என் தம்பி எந்த ஜெயிலில் இருக்கிறான், எப்போது வெளியே வருவான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவனோடு எப்படிப் பேசுவது?

கேள்வியின் விவரம் இவ்வளவுதான்: தம்பி டெக்சாஸில் டாலஸ் பக்கம் எம்.எஸ். படிக்கிறார். நேற்று இரவு போலீஸ் அழைத்துக்கொண்டு போனதாக அறை நண்பர் சொன்னார். அதற்கப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். வீட்டில் எல்லோரும் மதுரையில்.

உங்கள் தம்பி தொலைந்துபோகவில்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். உள்ளே கொண்டுபோகும்போதே போன், பர்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி ஒரு பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். போன் எடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இங்கே வயதுவந்த ஒருவரைப் பிடித்து ஜெயிலில் வைத்தால் அது பொதுப் பதிவு. பெயர், குற்றச்சாட்டு, பாண்ட் என்று சொல்லும் ஜாமீன் தொகை எல்லாவற்றையும் மதுரையில் இருந்தபடியே பார்க்கலாம். காசு கிடையாது.

நான் இந்தப் பக்கம் பல வருடமாகக் குடியிருக்கிறேன். படிக்க வரும் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது ஆனால், ஊரில் இருக்கும் வீட்டாருக்கு இங்கிருந்து கூடமாட உதவி செய்வேன். வக்கீல் அல்ல. பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பிடிப்பது பெரும்பாலும் அந்த ஊர் போலீஸ். ஆனால் ஜெயில் கவுண்டியுடையது, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான பிரிவுடையது. அதை நடத்துபவர் ஷெரிஃப் என்ற கவுண்டிக் காவல் தலைவர். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு, தனித் தேடல் பக்கம். ஊர் பெயரை வைத்துக் கவுண்டியைச் சொல்லிவிட முடியாது. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் ஃபிரிஸ்கோவில் ஒரு பாதி காலின் கவுண்டி, இன்னொரு பாதி டென்டன் கவுண்டி. கேரல்டனோ மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது. அதனால் வீடு எங்கே என்பதைவிட, எந்தத் தெருவில் வைத்துப் பிடித்தார்கள், போலீஸ் காரில் எந்த ஊர் பெயர் எழுதியிருந்தது என்று அறை நண்பரிடம் கேளுங்கள். காலின் கவுண்டி ஜெயில் மெக்கின்னியில் இருக்கிறது, டென்டனுடையது டென்டன் நகரிலேயே. டாலஸ் கவுண்டி என்றால் டாலஸ் நகர மையத்துப் பக்கம் லூ ஸ்டெரெட் என்ற பெரிய வளாகம். எதில் என்று தெரியவில்லையா, மூன்றிலும் தேடுங்கள்.

பிடித்த உடனே பெயர் ஏறிவிடாது. கைரேகை, போட்டோ, உடல்நிலைக் கேள்விகள் எல்லாம் முடியப் பல மணி நேரம் ஆகும். கூட்டம் அதிகமான ஜெயிலில் கிட்டத்தட்ட ஒரு நாள்கூட ஆகலாம். சில ஊர்களில் முதலில் நகரச் சிறையில் வைத்துவிட்டு அப்புறம்தான் கவுண்டிக்கு அனுப்புவார்கள். தேடிக் கிடைக்காவிட்டால் அந்த ஊர் போலீஸ் நிலையத்துக்கும், கைதானவர்களைப் பதிவு செய்யும் ஜெயிலின் புக்கிங் பிரிவுக்கும் போன் செய்து முழுப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

கூகிளில் வெறுமனே தேடினால் முதலில் வந்து நிற்பவை காசு பிடுங்கும் தனியார் தளங்கள். அரசுத் தளம் போலவே உடுத்திக்கொண்டு, பாதி விவரத்தைக் காட்டி மீதிக்குக் கார்டு நம்பர் கேட்கும். பக்கமே போகாதீர்கள். கவுண்டியின் அரசுத் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஷெரிஃப் பக்கத்துக்குள் நுழைந்து, கைதி தேடல் என்ற இணைப்பைப் பிடியுங்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்தான். அந்தப் பக்கத்தில் கடைசிப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம் பாஸ்போர்ட்டிலோ பலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலி. "கார்த்திகேயன் முருகன்" என்று முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் அது முழுக்கக் கடைசிப் பெயர் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப், என், யு என்று மூன்று எழுத்து அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். டிரைவிங் லைசென்ஸிலும் பிறகு ஜெயில் பதிவிலும் அதுவே தொடர வாய்ப்பு உண்டு. திருச்சிப் பையன் ஒருவனை வீட்டார் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டு விடிய விடியத் தேடினார்கள். ஒன்றும் வரவில்லை. முதல் பெயர் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தைப் போட்டதும் போட்டோவோடு வந்து நின்றான். ஆகவே பெயரை இரு பக்கமும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டும் பாருங்கள், பல பக்கங்கள் அதையும் ஏற்கும். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிவு கிடைத்ததும் புக்கிங் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஜெயிலில் எதற்குக் கேட்டாலும் அந்த நம்பர்தான் கேட்பார்கள். அப்புறம் குற்றச்சாட்டு, பாண்ட் தொகை, வேறு ஏதாவது "ஹோல்டு", அதாவது இவரை விடாமல் பிடித்து வையுங்கள் என்று வேறு துறை கேட்டிருப்பது, இருக்கிறதா என்று பாருங்கள். பாண்ட் தொகை காலியாக இருந்தால் இன்னும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை என்று இருக்கலாம். டெக்சாஸில் கைதான 48 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும்.

இப்போது பேசுவது. நீங்கள் ஜெயிலுக்கு போன் போட்டு அவரிடம் கொடுக்கச் சொல்ல முடியாது. அவர்தான் வெளியே கூப்பிட வேண்டும். செக்யூரஸ், வயாபாத் போன்ற தனியார் கம்பெனிகள் இந்த போன் சேவையை நடத்துகின்றன. எந்த ஜெயிலுக்கு எது என்று ஷெரிஃப் பக்கத்தில் போட்டிருக்கும். அமெரிக்க நம்பர் வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கம்பெனியில் கணக்குத் திறந்து முன்கூட்டியே பணம் போட்டு வைத்தால் அவர் நம்பருக்கு அழைப்பு வரும். இந்திய நம்பருக்கு நேராக வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் வராது. அறை நண்பரிடம் இன்று எந்தத் தெரியாத நம்பர் வந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் பதிவுசெய்த குரல் ஒன்று இது ஜெயிலிலிருந்து வரும் அழைப்பு, ஏற்க இந்த எண்ணை அழுத்தவும் என்று சொல்லும். ஸ்பாம் என்று நினைத்து முதல் வார்த்தையிலேயே வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அழைப்பில் அம்மாவையும் கான்ஃபரன்ஸ் போட்டுச் சேர்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். மூன்றாவது ஆளைச் சேர்ப்பது விதிக்குப் புறம்பு. சிஸ்டம் கண்டுபிடித்து லைனைத் துண்டித்துவிடும். உள்ளே இருப்பவரின் போன் சலுகையே பறிபோகவும் கூடும்.

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: போனில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லா அழைப்பும் பதிவாகிறது, அரசு வக்கீல் அதைக் கேட்டு வாங்கிக் கோர்ட்டில் போடலாம். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் உண்டு. "என்னடா ஆச்சு, நீ என்ன செஞ்சே?" என்று அப்பா கேட்பதும் அவர் அழுதுகொண்டே சொல்வதும் இயல்புதான். அந்தச் சொற்கள்தான் பிறகு அவருக்கு எதிராக நிற்கும். சாப்பிட்டாயா, மாத்திரை கொடுத்தார்களா, வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இவ்வளவோடு நிறுத்துங்கள். வக்கீலோடு பேசுவதற்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு.

கட்டணம் முன்பு அநியாயமாக இருந்தது. மார்த்தா ரைட் என்று வாஷிங்டனைச் சேர்ந்த கண் தெரியாத பாட்டி ஒருவர், சிறையில் இருந்த பேரனோடு பேச ஆன செலவு தாங்காமல் 2000-இல் வழக்குப் போட்டார். அவர் பெயரிலேயே 2023 ஜனவரியில் சட்டம் வந்து, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரம் மத்திய தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு முழுமையாகக் கிடைத்தது. அவர் அதைப் பார்க்க இல்லை, 2015-லேயே போய்விட்டார்.

கடிதம் எழுதினால் முழுப் பெயரும் புக்கிங் நம்பரும் கட்டாயம். பல ஜெயில்களில் கடிதத்தை ஸ்கேன் செய்து திரையில்தான் காட்டுகிறார்கள், சில இடங்களில் தபால் அட்டை மட்டுமே. நேரில் பார்க்க இங்கே இருப்பவர் முன்பதிவு செய்து, படமுள்ள அடையாள அட்டையோடு போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வைத்தோ வீடியோவிலோதான் சந்திப்பு. பல்பொடி, சோப்பு, நூடுல்ஸ் வாங்க கமிசரி என்ற ஜெயில் கடைக் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டுவிடுங்கள். சைவமாக இருந்தால் அவரே எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். சர்க்கரை, ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்தால் ஜெயில் மருத்துவப் பிரிவுக்கு நண்பர் போன் செய்து மருந்தின் பெயரைச் சொல்லட்டும். அவர்கள் திருப்பி எதையும் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் நாம் சொல்வதைக் குறித்துக்கொள்வார்கள்.

பாண்ட் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் கட்டினால், எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக ஆஜரான பிறகு பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். நமக்காக ஜாமீன் நிற்கும் தனியார் பாண்ட் கம்பெனி வழியாகப் போனால் சுமார் 10 சதவீதம், அதாவது 200 டாலர், அது திரும்பாது. இதற்கு நடுவே ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், உடனே கிஃப்ட் கார்டிலோ பிட்காயினிலோ பணம் அனுப்பு என்று யாராவது கூப்பிட்டால் அது மோசடி. பொதுப் பதிவைப் பார்த்துத்தான் அவர்களும் உங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். புக்கிங் நம்பரைச் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹோல்டு கட்டத்தை மறுபடி பாருங்கள். குடியேற்றத் துறையான ஐஸ் கேட்டுக்கொண்டதாக அதில் இருந்தால், பாண்ட் கட்டியதும் அவர் வீட்டுக்கு வராமல் நேராக அவர்கள் கைக்குப் போகலாம். அவர்களுக்காக ஜெயில் 48 மணி நேரம் வரை கூடுதலாகப் பிடித்து வைக்கும். டெக்சாஸில் 2017 சட்டப்படி ஷெரிஃப்கள் அதற்கு இணங்கியாக வேண்டும். அப்படி இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். ஐஸ் காவலுக்குப் போய்விட்டால் கவுண்டிப் பக்கத்தில் பெயர் இருக்காது. அதற்குத் தனித் தேடல் பக்கம் உண்டு, பெயரும் பிறந்த நாடும் கேட்கும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் கோர்ட் இலவசமாக ஒருவரை நியமிக்கும், உங்கள் தம்பியே அதைக் கேட்க வேண்டும். 2010-இல் பாடியா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலை என்ன ஆகும் என்று வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. "ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்" என்று யார் சொன்னாலும், விசாவுக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தியத் தூதரகத்துக்கும் தகவல் சொல்லச் சொல்லலாம். 1963 வியன்னா ஒப்பந்தப்படி அது அவர் உரிமை. ஆனால் இந்தியர்கள் விஷயத்தில் அவர் கேட்டால்தான் சொல்வார்கள். டெக்சாஸுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம்.

விடுதலை எப்போது? பாண்ட் கட்டிய நிமிடமே கதவு திறக்காது. கணக்கு முடித்து, வேறு வாரன்ட் இருக்கிறதா என்று பார்த்து, உடைமையைத் திருப்பிக் கொடுக்கப் பல மணி நேரம். நள்ளிரவு தாண்டி வெளியே விடுவதும் சகஜம். அந்த நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது, பேருந்தும் இருக்காது. ஷூ லேஸ்கூட இல்லாமல் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நிற்பார்கள். ஒருவர் காரோடு, சார்ஜரும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு வாசலில் காத்திருக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் படவே கூடாது.

காவல் நிலை மாறினால் தானாகத் தகவல் அனுப்பும் சேவையும் உண்டு. 1993-இல் கென்டக்கியில் மேரி பைரன் என்ற பெண்ணை, ஜாமீனில் வந்த பழைய காதலன் கொன்றான். அவன் வெளியே வந்ததையே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு தொடங்கியதுதான் வைன் என்ற சேவை. பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்தது, பல மாநிலங்களில் குடும்பத்தாரும் பதிந்துகொள்ளலாம். உங்கள் கவுண்டியில் எந்தச் சேவை என்று ஷெரிஃப் பக்கத்தில் இருக்கும்.

விடுதலையானதும் பல கவுண்டிகளில் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதனால் இன்றைக்கே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டுமானால் ஷெரிஃப் ஆபீஸின் பதிவுப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு வாங்கலாம். அதைவிட முக்கியம், வழக்கு முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் சான்றிட்ட தீர்ப்பு நகல் வாங்குவது. வழக்கே தள்ளுபடியானாலும் வாங்குங்கள், இரண்டு நகலாக. நாளைக்கு விசா புதுப்பிக்கும்போதும் கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்வி வரும். அப்போது ஆம் என்று எழுதி, இந்தத் தாளைத்தான் கூட இணைக்க வேண்டியிருக்கும்.