ஜாம்பி கேமில் நாம் எடுக்கும் முடிவுகள் கதையை உண்மையிலேயே மாற்றுமா?

பெரும்பாலும் மாற்றாது. "உங்கள் முடிவுக்கேற்பக் கதை மாறும் என்று சொல்கிறார்களே, நிஜமா? நிஜமென்றால் எதை விளையாடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகையில் எல்லோரும் முதலில் கைகாட்டுவது டெல்டேல் நிறுவனம் 2012இல் ஐந்து எபிசோடாக வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' கேமைத்தான். என் பதிலும் அதுவேதான், ஆனால் காரணம் வேறு.

கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுங்கள்.

நாம் ஆடுவது லீ எவரெட்டாக. வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், மனைவியோடு தொடர்பு வைத்திருந்த செனட்டரைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்றவர். அட்லாண்டாவிலிருந்து போலீஸ் காரில் போகும்போது விபத்து நடக்கிறது. தப்பித்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், மர வீட்டில் ஒளிந்திருக்கும் எட்டு வயது கிளெமன்டைன் கிடைக்கிறாள். அங்கிருந்து கடைசிவரை அவளைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

முதல் எபிசோடிலேயே, அடைக்கலம் கொடுக்கும் ஹெர்ஷல் என்பவரின் பண்ணையில் ஒரு சோதனை. டிராக்டருக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு ஹெர்ஷலின் மகன் ஷான் கிடக்கிறான். இன்னொரு பக்கம், அங்கே நம்மோடு சேரும் கென்னியின் பையனையும் ஒரு ஜாம்பி பிடித்துவிட்டது. யாரிடம் ஓடுவீர்கள்? ஷானிடம் ஓடினாலும் ஷான் செத்துத்தான் போவான். அதே எபிசோடில் மருந்துக்கடையில், கூட இருக்கும் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அப்படிக் காப்பாற்றியவரும் மூன்றாவது எபிசோடில் அதே இடத்தில், அதே ஆள் கையால் சாகிறார். இது தெரிந்ததும் பலருக்குக் கோபம் வந்தது, ஏமாற்றிவிட்டார்கள் என்று. கணக்குப் போட்டால் வேறு வழியில்லை என்பது புரியும். இரண்டு வழி உள்ள பத்து முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளை என்றால் மொத்தம் 1024 கதைகள். எல்லாவற்றுக்கும் எழுதி, குரல் கொடுத்து, அனிமேஷன் செய்ய எந்த நிறுவனத்தாலும் ஆகாது. அதனால் கிளை பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே பழைய பாதையில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படியிருந்தும் இந்தக் கேம் ஏன் வேலை செய்கிறது? செய்ததற்குப் பின்னால் யாரோ ஒருவரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான். ஷான் செத்தது மாறாது. ஆனால் அன்று தன் பையனிடம் ஓடி வந்தீர்களா இல்லையா என்பதைக் கென்னி கடைசிவரை வைத்துக்கொண்டிருப்பான். இப்படிச் சேர்ந்த கணக்குகளை வைத்துத்தான் நான்காவது எபிசோடின் முடிவில், காணாமல் போன கிளெமன்டைனைத் தேடி உங்களோடு யார் யார் வருகிறார்கள் என்பது அமைகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இரண்டாவது எபிசோடின் தொடக்கம். பத்துப் பேர், சாப்பிட இருப்பது நாலே நாலு துண்டு, பங்கு பிரிக்கும் வேலை நம் தலையில். இங்கே ஜாம்பி கிடையாது, பொத்தானை வேகமாக அழுத்தும் சாகசமும் கிடையாது. முகாமைச் சுற்றி நடந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் நீட்ட வேண்டும். குழந்தைகள் இருவருக்கும் கொடுத்துவிட்டால் மீதி இரண்டு. நம்மைக் கண்டபடி திட்டும் லாரிக்குக் கொடுப்பதா? நாமே ஒன்று தின்றால்? யாருக்குக் கொடுத்தாலும் கதை அதே பால்பண்ணைக்குத்தான் போகிறது. ஆனாலும் அந்த நாலு துண்டுக்கு நான் யோசித்த அளவுக்கு எந்தச் சண்டைக் காட்சிக்கும் யோசித்ததில்லை.

அந்த எபிசோடின் கடைசியில் காட்டுக்குள் சாமான்கள் நிறைந்த ஒரு கார் கேட்பாரற்று நிற்கும். நீங்கள் தொடாவிட்டாலும் கூட இருப்பவர்கள் எடுத்துவிடுவார்கள். அந்தக் காரின் சொந்தக்காரன்தான் ஐந்தாவது எபிசோடில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாம் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஏன் என்று கேட்பவன். அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், கிளெமன்டைன் வாக்கிடாக்கியில் சொல்லியிருக்கிறாள்! திரையின் மூலையில் 'கிளெமன்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்' என்று வந்து போனதற்கு அங்கேதான் முழு அர்த்தம் கிடைக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க 'டையிங் லைட் 2' (2022) என்ற இன்னொரு ஜாம்பி கேம் இருக்கிறது. அதில் கைப்பற்றும் இடங்களை எந்தக் கூட்டத்திடம் ஒப்படைக்கிறோமோ அதற்கேற்ப நகரமே மாறும். ஒரு பக்கம் கொடுத்தால் தாவிச் செல்ல ஜிப்லைன்கள் வரும், இன்னொரு பக்கம் கொடுத்தால் ஜாம்பிகளுக்கு வைக்கும் பொறிகள் வரும். மாற்றம் கண்ணுக்கு நேராகவே தெரிகிறது. நான் ஜிப்லைன் பக்கம் போனேன், வசதி என்பதற்காக. அந்தக் கூட்டத்தார் நல்லவர்களா என்று யோசித்ததாகக்கூட நினைவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. 'வாக்கிங் டெட்'டில் வரும் புதிர்கள் சுமார்தான். ரேடியோவுக்கு பேட்டரி வேண்டும் என்பதுகூடத் தெரியாத ஒரு செய்தியாளர் வருகிறார், அதற்கெல்லாம் ஒரு புதிர்! சுட்டுத்தள்ளத்தான் ஆசை என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள், பாதி நேரம் பேச்சுதான்.

சரி, ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் சீசனிலிருந்தே தொடங்குங்கள். 2019இல் நான்கு சீசன்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விட்டிருக்கிறார்கள். வசனம் தேர்ந்தெடுக்க நேரம் குறைவு, கீழே கோடு தேய்ந்துகொண்டே வரும். படித்து முடிப்பதற்குள் போய்விட்டால் பதறாதீர்கள், பேசாமல் இருப்பதும் அதில் ஒரு பதில்தான். பிடிக்காதது நடந்துவிட்டால் முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மாற்றாமல் அப்படியே ஆடுங்கள். முடித்த கையோடு இரண்டாம் முறை ஆட வேண்டாம், ஒட்டுப்போட்ட இடமெல்லாம் தெரிந்துவிடும். நேரே இரண்டாவது சீசனுக்குப் போய்விடுங்கள், அதில் நீங்கள்தான் கிளெமன்டைன்.