மார்ச் நடைக்குப் போகலாமா, மே வரை காத்திருக்கலாமா?

தம்பி, மேரிலாந்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, வேலையும் அறையும் தவிர எதையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர் ஹைக்கிங் கிளப் மார்ச் கடைசி சனிக்கிழமை சி அண்ட் ஓ என்ற பழைய படகுக் கால்வாய் ஓரமாக, ரைலிஸ் லாக் என்ற இடத்திலிருந்து கிரேட் ஃபால்ஸ் அருவி வரை எட்டரை மைல் நடக்கிறது. ஒருவரையும் தெரியாது, குளிர் விடவில்லை, பூட்ஸ் இல்லை. இப்போது போவதா, மே மாதம் வெயில் வந்தபின் போவதா என்பது உங்கள் கேள்வி.

இப்போதே போங்கள். நான் இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. அந்தக் கரையில் எல்லா மாதங்களிலும் நடந்திருக்கிறேன், புதிதாக வந்தவருக்கு மார்ச்தான் சரி என்பேன். மே வந்துவிட்டால் மரமெல்லாம் தழைத்து பச்சைச் சுவர்போல நிற்கும், பக்கத்திலேயே ஓடுகிற பொட்டோமாக் நதி பல இடங்களில் கண்ணில் படாது. இப்போது கிளைகள் மொட்டையாக இருப்பதால் நதி தெரியும், எதிர்க்கரை வர்ஜினியா தெரியும், சிக்கமோர் மரங்களின் வெள்ளைத் தண்டுகள் தனித்துத் தெரியும். காட்டுப் பூக்களுக்கும் இதுதான் காலம். மேலே இலை மூடுவதற்குள் கிடைக்கிற வெயிலில் அவை அவசரமாகப் பூத்து முடித்துவிடும். மார்ச் கடைசியில் வர்ஜினியா புளூபெல் மொட்டு விடும். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம். ஏப்ரல் முதல் பாதியில் சில இடங்களில் கரை முழுக்க நீலமாகிவிடும். தேங்கிய தண்ணீர்ப் பக்கம் கிணுகிணுவென்று ஓயாத சத்தம் கேட்டால் பறவை என்று நினைக்காதீர்கள், கட்டைவிரல் நகம் அளவுள்ள தவளைகள் அவை.

நடக்க முடியுமா என்ற பயம் வேண்டாம். இது மலையேற்றம் இல்லை. கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துப் போவதற்காகப் போட்ட மண் பாதை, டோபாத் என்பார்கள். தண்ணீர் சமமாக நிற்க வேண்டும் என்பதால் பாதையும் சமம்தான். படகை ஏற்றி இறக்கும் லாக் வருகிற இடத்தில் மட்டும் ஏழெட்டு அடி சரிவு இருக்கும், அதுவும் நீங்கள் போகும் திசையில் இறக்கம்.

லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ ஒரு படி ஏற்றுவார்கள், அல்லது இறக்குவார்கள். மேரிலாந்தின் மேற்கிலுள்ள கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 184.5 மைலுக்கு இப்படி 74 லாக்குகள். கம்பர்லாந்து நிலக்கரிதான் முக்கியச் சரக்கு. படகுக்காரர் குடும்பத்தோடு படகிலேயே வாழ்ந்தார், கழுதையோடு நடந்தது பெரும்பாலும் அவருடைய பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் நடந்த தடத்தில் நடக்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

கால்வாய் வேலையை 1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண் வெட்டித் தொடங்கி வைத்தார். அதே நாளில் பால்டிமோரில் ரயில் பாதைக்கும் தொடக்க விழா. ரயில் 1842இல் கம்பர்லாந்தைத் தொட்டுவிட்டது, கால்வாய் போய்ச் சேர 1850 ஆகிவிட்டது. 1924 வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்தும் நின்றது.

அப்புறம் அதன்மேல் சாலை போடும் திட்டம் வந்தது. வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதி அதை ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினார். 1954இல், இதே மார்ச் மாதம், அவரும் கூட வந்தவர்களும் கம்பர்லாந்திலிருந்து எட்டு நாள் நடந்தார்கள். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் ஒன்பது பேர். சாலை வரவில்லை, 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது.

ரைலிஸ் லாக்கில் காலையில் கூடும்போது கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். சிவப்பு மணற்கல்லில் கட்டியது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கோட்டைக் கட்டடத்துக்கும் இந்த செனிகா கல்தான். பக்கத்திலேயே ஒரு சிற்றாற்றின் மேல் கால்வாயையே தூக்கிக் கொண்டுபோன தொட்டிப்பாலம் இருக்கிறது. நம் மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்திருந்தால் சட்டென்று புரிந்துவிடும். மூன்று வளைவுகளில் ஒன்றை 1971 வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

ஆட்களைத் தெரியாது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. விருந்தில் எதிரெதிரே நின்று ஆங்கிலத்தில் பேசத்தான் கஷ்டம். பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, பேச்சு நின்றால் கூச்சமும் இல்லை. ஒரு ஆமை கட்டைமேல் வெயில் காய்ந்தால் அதைக் காட்டலாம், அதுவே பேச்சாகிவிடும். அலுத்தால் பின்தங்கி நடக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நடையில் ஒரு வயதான அம்மா ஒவ்வொரு லாக் காவலர் வீட்டையும் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த ஊருக்கு நானும் வந்து சேர்ந்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அன்று நான் செய்த தப்பு பருத்தி ஜீன்ஸும் பருத்திக் காலுறையும். தூறலில் நனைந்து காயவே இல்லை, குதிகாலில் கொப்புளம். பூட்ஸ் வேண்டாம், பழகிய ஸ்போர்ட்ஸ் ஷூ போதும், கம்பளி அல்லது சிந்தெட்டிக் காலுறை போடுங்கள். பனி உருகிப் பாதையில் சேறு இருக்கும், மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது, பத்து நிமிடம் நடந்ததும் ஒன்றைக் கழற்றிவிடுவீர்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், கரையோரக் கைப்பம்புகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும். மதியம் லாக் கல்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ, உங்களுக்குப் பிடித்ததைத் தயங்காமல் எடுத்துப் போங்கள். குப்பைத்தொட்டி கிடையாது, குப்பை உங்களோடு திரும்பி வர வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். மரத்தில் மயிர் அடர்ந்த கயிறுபோல ஒட்டிக்கொண்டு ஏறும் கொடியைத் தொடாதீர்கள், அது பாய்சன் ஐவி, இலை இல்லாத காலத்திலும் தோலைப் புண்ணாக்கும். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழுக்கப் பாருங்கள். லைம் நோய் இந்தப் பக்கம் சாதாரணம்.

கார் இல்லையென்றால் நடையை நடத்துபவருக்கு இன்றே மின்னஞ்சல் போட்டு, யாராவது ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஒருவழி நடை என்பதால் எப்படியும் கார்களை இரு முனையிலும் பிரித்து நிறுத்துவார்கள், ஆட்களைச் சேர்த்து ஏற்றுவது வழக்கம்தான். பெட்ரோலுக்குப் பங்கு கொடுங்கள். கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஸ்வீப் என்று ஒருவர் இருப்பார், அவரைத் தாண்டி நீங்கள் பின்தங்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவு மின்னஞ்சலை ஒருமுறை பாருங்கள், நதி பெருகினால் நடையை மாற்றுவார்கள்.

முடியும் இடத்தில் எல்லோரும் காரை நோக்கிப் போவார்கள். நீங்கள் இன்னும் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, ஓம்ஸ்டெட் தீவுக்குப் போகும் நடைபாலத்தில் நடந்து அருவியைப் பாருங்கள். ஒரு மைலுக்குள் நதி 76 அடி இறங்குகிற இடம், வசந்த வெள்ளத்தில் பாலத்தில் நிற்கும்போதே சத்தம் நெஞ்சில் அதிரும்.