நம்புகிறவரிடம் எதற்குக் கையெழுத்து?

வணக்கம் சார். ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பல வருடங்களாக உதிரிபாகங்கள் செய்து கொடுக்கிறோம். இதுவரை போன் பேச்சும் பர்ச்சேஸ் ஆர்டரும்தான். அங்கே கொள்முதல் பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் தடிமனான ஒப்பந்தம் ஒன்றை அனுப்பிக் கையெழுத்து கேட்கிறார். "இத்தனை காலம் பழகிய பிறகு பத்திரமா, அவமானம்" என்கிறார் என் பங்குதாரர். ஒப்பந்தம் வந்தால் உறவு கெட்டுவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பங்குதாரரின் கோபம் புரிகிறது. ஆனால் அவர் பழகியது ஓய்வு பெற்றவரோடு, அந்த நிறுவனத்தோடு அல்ல.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்காலே விஸ்கான்சின் தொழில் நிறுவனங்களில் விசாரித்து 1963-ல் எழுதினார்: தகராறு வந்தால் வியாபாரிகள் பெரும்பாலும் ஒப்பந்தத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். 1997 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். டொயோட்டாவின் பிரேக்குகளுக்கான ஒரு சின்ன வால்வை அநேகமாக முழுவதும் ஐசின் நிறுவனத்தின் ஒரே ஆலைதான் செய்துவந்தது. அது தீப்பிடித்து எரிந்ததும் கார் உற்பத்தி நின்றுபோனது. 200 நிறுவனங்கள்வரை வரைபடத்தை வாங்கிக்கொண்டு, விலைகூடப் பேசாமல், இறங்கி வேலை செய்தன. அந்த வால்வை அதுவரை தொட்டே பார்க்காதவர்களும் அதில் இருந்தார்கள். சில நாட்களில் கார்கள் மறுபடி வெளியே வந்தன. இதையெல்லாம் எந்த வக்கீலாலும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லாரா பொப்போ, டாட் ஜெங்கர் என்ற இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வெளியே கொடுத்து வாங்கும் நிறுவனங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட முடிவு: விரிவான ஒப்பந்தமும் நெருக்கமான ஒத்துழைப்பும் சேர்ந்தே வளர்கின்றன. உறவைக் கெடுப்பது வேறு ரகம், எடுத்ததற்கெல்லாம் அபராதம் போடும் ஒப்பந்தம். அது வந்தால் இரண்டு பக்கமும் வேலையை விட்டுவிட்டு, மெயில் அனுப்பிச் சாட்சி சேர்க்க ஆரம்பித்துவிடும்.

எல்லோரும் அபராதப் பக்கத்தையே உற்றுப் பார்ப்பார்கள். நான் முதலில் வேறு சிலதைத் தேடுவேன். அளவோ டிசைனோ மாறினால் யார் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்? சரக்கை எத்தனை நாளுக்குள் பரிசோதித்து ஏற்க வேண்டும்? மூலப்பொருள் விலை ஏறினால் என்ன கணக்கு? திடீரென்று நிறுத்தினால், செய்து வைத்த சரக்கு யார் தலையில்?

அப்புறம், பழையவரோடு வாய்ப்பேச்சாக இருந்ததைப் பட்டியல் போடுங்கள். அவசர ஆர்டருக்கு நீங்கள் இரவு ஷிப்ட் போட்டிருப்பீர்கள், பதிலுக்கு அவர் பில்லைச் சீக்கிரம் பாஸ் செய்திருப்பார். புதியவருக்கு இதெல்லாம் தெரியாது, அவர் கையில் இருப்பது கோப்பு மட்டும்தான். முக்கியமானதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வக்கீல் படித்துக் குறிப்பு எழுதித் தரட்டும். நேரில் போய்ப் பேசுவது நீங்களாக இருங்கள். பங்குதாரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு.