அப்பாவின் டீசல் இன்ஜினை என் காரில் வைக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, குடியாத்தத்திலிருந்து வேலூருக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். பேங்க் லோனில் இன்னும் 14 தவணை பாக்கி. போன மாதம் பள்ளிகொண்டா தாண்டும்போது கூலன்ட் ஒழுகி, ஹீட் ஏறி, இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. காலமான அப்பாவின் 2012 ஸ்விஃப்ட் டீசல் வீட்டில் நிற்கிறது; ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். அடித்தரை துருப்பிடித்துவிட்டது, ஆனால் இன்ஜின் அருமையாக இருக்கிறது. அதைக் கழற்றி என் வண்டியில் வைத்துத்தர மெக்கானிக் 1,60,000 ரூபாய் கேட்கிறார். பெட்ரோல் இன்ஜினையே சரிசெய்தால் 95,000. டீசல் என்றால் செலவு மிச்சமாகுமே என்று மனைவியின் நகையை 10% வட்டிக்கு வைக்க நினைக்கிறேன். அப்பா வண்டியை அப்படியே ஒரு புரோக்கர் 1,30,000-க்குக் கேட்டார். இன்ஜினை எடுத்துவிட்டால் பாடிக்குக் காயலான் கடையில் 25,000 தருவார்களாம். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

மெக்கானிக் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. உங்களுடைய அதே பாடியில் 1,248 சிசி டீசல் இன்ஜினை வைத்து மாருதி நிறுவனமே 2020 வரை விற்றது. அதனால் இன்ஜின் உட்காரும், ஓடவும் செய்யும். ஆனால் அதோடு வேலை முடியாது. கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஒயரிங், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, டீசல் டேங்க், சைலன்சர், சாவியோடு பேசும் இம்மொபிலைசர் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் 1,60,000-க்குள் அடங்குமா என்று எழுதி வாங்கினீர்களா? இப்படிப்பட்ட வேலையில் மதிப்பீட்டைத் தாண்டித்தான் பில் வரும்.

சரி, அந்தத் தொகையிலேயே முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 70 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,750 கிலோமீட்டர். பெட்ரோலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 97 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று போட்டால் சுமார் 9,900 ரூபாய். டீசலில் 21 கொடுத்தால் 83 லிட்டர். 93 ரூபாய் வீதம் சுமார் 7,750. மாதத்துக்கு மிச்சம் 2,150 ரூபாய். நகைக்கடன் வட்டி மட்டும் வருடத்துக்கு 16,000, அதாவது மாதம் 1,330. மீதி 820 ரூபாய்தான் தேறுகிறது. அசலை எதிலிருந்து கட்டுவீர்கள்?

நீங்கள் கணக்கில் சேர்க்காத ஒரு செலவும் இருக்கிறது. 1,30,000 போகும் வண்டியிலிருந்து இன்ஜினை எடுத்தால் கையில் நிற்பது 25,000. அந்த 1,05,000-மும் உங்கள் பணம்தான். ஆக இந்த மாற்றத்தின் உண்மையான விலை 2,65,000. பெட்ரோல் இன்ஜினைச் சரிசெய்வதைவிட 1,70,000 கூடுதல். மாதம் 2,150 மிச்சப்படுத்தி அதை எடுக்க, வட்டியே இல்லாவிட்டாலும் ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். அப்போது அந்த இன்ஜினுக்கு வயது இருபதை நெருங்கியிருக்கும். இடையில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் என்று ஏதாவது ஒன்று கைவைக்காமல் விடாது.

பணத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது காகிதம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

அபராதத்தோடு போகும் என்று நினைக்காதீர்கள். புகைச் சோதனைக்குப் போனால் வண்டி எண்ணைத் தட்டியதும் கணினி பெட்ரோல் என்று காட்டும். எதிரே நிற்பதோ டீசல். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சோதனையே வேறு. நாளை விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் குறித்துக்கொள்வது இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும்தான். பொருந்தாவிட்டால் உங்கள் வண்டிக்கான கிளெய்ம் மறுக்கப்படலாம். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்களிடமிருந்து வசூலிக்கவும் நிறுவனம் முயலலாம். தேசிய நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுகிறவர் நீங்கள். வீடு, நிலம் வரைக்கும் போகிற ஆபத்து இது. கடன் முடியும்வரை பேங்க்குக்கும் அந்த வண்டியில் உரிமை உண்டு, அவர்களைக் கேட்காமல் இன்ஜினில் கைவைக்க முடியாது. விற்கப் போனால் ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்கிற எவரும் வாங்க மாட்டார்.

அப்பாவின் வண்டி வீணாகப் போகக் கூடாது என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அது நியாயம்தான். ஆனால் இன்ஜினைப் பிரித்து எடுத்தால்தான் அந்த வண்டி காயலான் கடைக்குப் போகும். முழுசாக விட்டால் இன்னொரு குடும்பத்துக்கு ஓடும். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சட்டப்படி இறப்புக்குப் பின் மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது. தாமதமாகியிருந்தாலும் இப்போதாவது செய்துவிடுங்கள். அப்பா பெயரிலேயே வைத்துக்கொண்டு, புரோக்கரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வண்டி எங்கே எதில் சிக்கினாலும் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அப்புறம் விற்றால் 1,30,000. அதில் 95,000 பெட்ரோல் இன்ஜினுக்கு, மீதி 35,000 லோன் அசலுக்கு. ஒரு ரூபாய் கடன் வாங்காமல் வேலை முடிகிறது. பெயர் மாற்றம் முடியும்வரை ஆபீஸுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போய் வாருங்கள்.

பெட்ரோல் இன்ஜின் விஷயத்தில் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். இன்ஜின் நம்பர் பொறித்திருக்கும் முக்கிய பாகமான அதே பிளாக்கிலேயே வேலை பார்க்க முடிந்தால் இன்ஜின் நம்பர் மாறாது, ஆர்.டி.ஓ. பக்கமே போக வேண்டாம். பிளாக் போய்விட்டது என்றால் அதே மாடல், அதே வகை இன்ஜினைப் பில்லோடும், அது வந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான காகிதத்தோடும் மட்டும் வாங்குங்கள். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். பேங்க்கின் ஒப்புதல் கடிதத்தோடு ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மாட்டியதும் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அந்த நம்பரை எழுத்தில் தெரிவியுங்கள். மெக்கானிக்குக்கு முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், அதை இந்த வேலைக்கே கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.