ஃப்ரீ சேஃப்டி யாரு, ஸ்ட்ராங் சேஃப்டி யாரு?

அமெரிக்கன் ஃபுட்பால்ல டிஃபென்ஸ் ஆடுற டீமோட ரெண்டு சேஃப்டியும் பின்னாடிதானே நிக்கிறாங்க, எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு கேட்டிருந்தீங்க. நீங்க பாக்குற சியாட்டில் சீஹாக்ஸ் டீமோட 2013 சீசன் மேட்ச்லயே பதில் இருக்குங்க. ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால கொடுத்து ஆட்டத்தை ஆரம்பிக்கிறதுக்கு) முன்னாடி, டிஃபென்ஸோட நடு வரிசையில நிக்கிற லைன்பேக்கர்ஸ் பக்கத்துல இறங்கி வந்து நிக்கிறவர் கேம் சான்சலர், அவர்தான் ஸ்ட்ராங் சேஃப்டி, பெரும்பாலும் எதிர் டீமோட டைட் எண்ட் (லைன் ஓரத்துல நின்னு தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்றவர்) இருக்குற பக்கமா நிப்பார், பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா அடிச்சு நிறுத்துறது, டைட் எண்டைக் கவர் பண்றதுன்னு முரட்டு வேலையெல்லாம் அவருக்கு. ஃப்ரீ சேஃப்டி எர்ல் தாமஸ், நடுவுல ரொம்பப் பின்னால தனியா நின்னு பந்தை எறியுற குவாட்டர்பேக் கண்ணையே பாத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் ஓடணும், அவரைத் தாண்டிட்டா அனேகமா டச்டவுன்தான், என்னைக் கேட்டா அதுதான் கஷ்டம். கவர் 2-ங்கிற டிஃபென்ஸ் அமைப்பு ஆடுனா மட்டும் ரெண்டு பேரும் பின்னால பாதிப் பாதி பிரிச்சுக்குவாங்க, அப்போ வித்தியாசம் தெரியாது, அதனால ஃப்ரீ சேஃப்டி மட்டும் நடுவுல பின்னால நிக்கிற கவர் 3 ஆடுறப்போ பாருங்க.