ஷோரூம் சுவரில் ‘நெட் ஜீரோ 2040’: அதற்காக எண்பதாயிரம் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பெட்ரோல் கார் வாங்க இரண்டு ஷோரூம் ஏறி இறங்கினேன். இரண்டு வண்டியும் ஏறக்குறைய ஒரே சைஸ், ஒரே மைலேஜ். ஆனால் ஒன்று எண்பதாயிரம் ரூபாய் கூடுதல். ஏன் என்றால், “எங்க கம்பெனி 2040க்குள்ள நெட் ஜீரோ சார், அவங்க 2045தான்” என்கிறார் சேல்ஸ்மேன். நெட் ஜீரோ என்றால், கம்பெனி விடுகிற கரியமில வாயுவைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டி, கணக்கைப் பூஜ்யமாக்குவதாம். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றால் கொடுக்கத் தயார். கொடுக்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். சீட் பிடித்திருக்கிறது, சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கம் என்றால் தாராளமாகக் கொடுங்கள், 2040க்காகக் கொடுக்காதீர்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும், எஞ்சினை யார் செய்திருந்தாலும் சரி. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியை வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றரை டன். இரண்டுக்கும் மைலேஜ் ஒன்றுதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் புகையில் மட்டும் எங்கிருந்து வித்தியாசம் வரும்? கம்பெனியின் இலக்கு உங்கள் வண்டியின் சைலன்சருக்குத் தெரியாது.

அந்த இலக்கு எதைக் கணக்கில் எடுக்கிறது என்று சேல்ஸ்மேனைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. தொழிற்சாலையில் எரிக்கும் எரிபொருள் முதல் பங்கு, வாங்கும் மின்சாரம் இரண்டாவது. ‘ஸ்கோப் 3’ என்ற மூன்றாவது பங்கில்தான் இரும்பு, அலுமினியம், பேட்டரி செய்யும்போது வருவதும், விற்ற வண்டிகள் ஆயுள் முழுக்க விடும் புகையும் வருகின்றன. கார் கம்பெனிகளுக்கு மொத்தத்தில் பெரும்பங்கு இந்த மூன்றாவதுதான். ஆலைக் கூரையில் சோலார் போட்டு அதைப் படம் எடுத்துப் போடுவது சுலபம், நல்ல காரியமும்கூட, ஆனால் அது சின்னப் பங்கு. டொயோட்டாவையே பாருங்கள்: ஆலைகளுக்கு 2035, எல்லாம் சேர்த்து 2050. ஒரே கம்பெனி, பதினைந்து வருட இடைவெளி. விளம்பரத்தில் எந்த வருடத்தைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து உங்களுக்குத் தெரியும் படமே மாறிவிடும். ‘ஒரு காருக்கு இத்தனை சதவீதம் குறைப்போம்’ என்று இன்னொரு வகை இலக்கு உண்டு, அதிலும் கவனம் வேண்டும்: விற்பனை இரட்டிப்பானால் ஒரு காருக்குக் குறைந்தும் மொத்தம் ஏறியிருக்கும்.

இலக்கை மாற்றவும் மாற்றுவார்கள். 2030க்குள் மின்சாரக் கார் மட்டுமே விற்போம் என்று 2021ல் அறிவித்த வால்வோ, 2024 செப்டம்பரில் அதைத் தளர்த்தி, 90 முதல் 100 சதவீதம் மின்சாரம் அல்லது பிளக்-இன் ஹைப்ரிட் (எஞ்சினோடு, சார்ஜ் போடக்கூடிய பேட்டரியும் உள்ள வண்டி) என்றது. இதற்காக அவர்களைத் திட்ட மாட்டேன், ஆட்கள் வாங்கவில்லை என்றால் எதை விற்பது? ஆனால் அந்த அறிவிப்பை நம்பி முன்பணம் கட்ட வேண்டியது நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. கம்பெனிகளின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கான ‘கஃபே’ விதிப்படி ஒரு கம்பெனி நம் நாட்டில் விற்கும் கார்கள் விடும் கரியமில வாயுவின் சராசரி, 2022-23 முதல் கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராமுக்குள் இருக்க வேண்டும், வண்டிகளின் எடையைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். சராசரி என்பதால் ஒரு பெரிய எஸ்யூவியின் புகையை நாலு மின்சார வண்டி ஈடுகட்டிவிடும்.

கேள்வி: ஏழு வருடப் பெட்ரோல் கார் என்னிடம் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது, வருடம் 5,000 கிலோமீட்டர் போனால் பெரிது. கார்பனைக் குறைக்க இதை விற்று மின்சாரக் கார் வாங்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: கார்பன் மட்டும்தான் காரணம் என்றால் அவசரப்படாதீர்கள். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்து வருகிறது, ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. சின்ன மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு 0.14 யூனிட் எடுக்கிறது என்று வைத்தால் உங்கள் ஓட்டத்துக்கு வருடம் 490 கிலோ. இப்போதைய கார், மேலே சொன்ன 18 மைலேஜ் என்றால், 640 கிலோ. மிச்சம் 150 கிலோதான். புதுக் கார் ஒன்றைச் செய்யவே பல டன் ஆகும், பேட்டரிக் காருக்கு இன்னும் அதிகம். வால்வோ தன் சி40 மின்சாரக் காருக்குத் தானே வெளியிட்ட கணக்கில், தயாரிப்பின்போது வரும் உமிழ்வு அதே அளவுள்ள பெட்ரோல் எக்ஸ்சி40ஐவிட 70 சதவீதம் கூட. உலக சராசரி மின்சாரத்தில் சார்ஜ் செய்தால் 1,10,000 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் மொத்த உமிழ்வு அந்தப் பெட்ரோல் காருக்குச் சமமாகும், காற்றாலை மின்சாரம் மட்டும் என்றால் 49,000. அது பெரிய வண்டி, சின்னதற்கு எண்கள் குறையும். கம்பெனியே இப்படி வெளிப்படையாகப் போட்டது எனக்குப் பிடித்திருந்தது. 

மாடியில் சோலார் இருந்து பகலில் சார்ஜ் போட முடிந்தால், அல்லது ஓட்டம் இரண்டு மூன்று மடங்கு ஆனால், கணக்கு மின்சாரத்தின் பக்கம் நன்றாகவே சாயும். இன்னொன்று, விற்ற காரை நொறுக்கப் போவதில்லை, வேறு யாரோ ஓட்டுவார்கள், அதன் புகை நிற்காது.

கேள்வி: ‘கார்பன் நியூட்ரல் கார்’ (விடும் கரியமில வாயு முழுவதையும் ஈடுகட்டிய கார்) என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். ஆதாரம் கேட்டால் சிரிக்கிறார்கள். புகார் செய்ய முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முடியும். பசுமைப் போலி விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. குறிப்பிட்ட பொருளைப் பற்றிச் சொன்னால் ஆதாரம் வேண்டும். எதிர்காலத்தில் செய்வோம் என்றாலும் எப்படிச் செய்வோம் என்ற தெளிவான திட்டம் வேண்டும். ஆனால் பொருள் எதையும் குறிப்பிடாமல் ‘பசுமையை நோக்கி எங்கள் கம்பெனி’ என்கிற மாதிரி பொதுவாகச் சொன்னால் இதில் சிக்காது, நோட்டீஸை எழுதுகிறவர்களுக்கு இந்த ஓட்டை நன்றாகவே தெரியும். உங்களிடம் இருப்பதில் காரின் பெயரோடு போட்டிருக்கிறார்கள் என்றால் போட்டோ எடுத்து, தேதியும் ஷோரூம் கிளையும் குறித்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கு முன் ஷோரூமுக்கு ஒரு மின்னஞ்சலில் ஆதாரம் கேட்டுவிடுங்கள். எழுத்தில் கேட்டால் சிரிக்க முடியாது.